நெடுஞ்சாலையில் போகும் கதிரியக்கப் பெட்டி: விபத்தைவிட பெரிய ஆபத்து எது? கண்ணில் பட்டால் என்ன செய்யணும்?

பெரம்பலூர் மாவட்டம் எறையூர் என்றதும் சுற்றுவட்டார மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அங்குள்ள அரசு சர்க்கரை ஆலைதான். இப்போது சிப்காட் தொழிற்பூங்காவும் வந்துவிட்டது. பக்கத்திலேயே சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை. அரியலூர் பக்கம் போனால் வரிசையாக சிமெண்ட் ஆலைகள். திருச்சி பக்கம் போனால் பாய்லர் தயாரிக்கும் பெல் நிறுவனமும், அதை நம்பி இயங்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும், பெரிய மருத்துவமனைகளும்.

இந்தச் சாலைகளில் கரும்பு போகுது, மக்காச்சோளம் போகுது, சின்ன வெங்காயம் போகுது, சிமெண்ட் போகுது. இவற்றுக்கு நடுவே எப்போதாவது ஒரு சின்ன வேனோ ஜீப்போ கடந்து போகலாம். அதன் பக்கவாட்டில் ஒரு பலகை. மேல் பாதி மஞ்சள், கீழ் பாதி வெள்ளை. நடுவில் ஃபேன் இறக்கை மாதிரி மூன்று இதழ் சின்னம். கீழே 7 என்ற எண். உள்ளே இருப்பது கதிரியக்கப் பொருள் என்று அர்த்தம்.

அதைப் பார்த்தால் பயப்படணுமா? அந்த வண்டி கவிழ்ந்துவிட்டால் ஊரையே காலி செய்யணுமா? கதிரியக்கப் பொருளை சாலையில் எப்படிக் கொண்டு போகிறார்கள், எங்கே தவறு நடக்கிறது, சாதாரண மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

அணு உலையே இல்லாத ஊரில் கதிரியக்கப் பொருள் எதற்கு?

கதிரியக்கம் என்றதும் கல்பாக்கம், கூடங்குளம்தான் நினைவுக்கு வரும். ஆனால் சாலையில் போகும் கதிரியக்கப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கும் மின் உற்பத்திக்கும் சம்பந்தம் இல்லை. அவை மருத்துவமனைக்கும் தொழிற்சாலைக்கும் போகிறவை.

முதலாவது, வெல்டிங் சோதனை. பாய்லர் குழாயில் போட்ட வெல்டிங் உள்ளே சரியாகப் பிடித்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கைமுறிவுக்கு எக்ஸ்ரே எடுப்பது போல இரும்புக்கும் படம் எடுப்பார்கள். பட்டறை வட்டாரத்தில் இதை 'ஆர்.டி. எடுக்கிறது' என்பார்கள். இதற்குப் பயன்படும் ரேடியோகிராபி கேமராவுக்குள் பெரும்பாலும் இரிடியம்-192 என்ற பொருள் இருக்கும். அதன் அரை ஆயுள் சுமார் 74 நாட்கள். அதாவது இரண்டரை மாதத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும், ஐந்து மாதத்தில் கால்வாசியாகிவிடும். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய 'சோர்ஸ்' வாங்கியே ஆகணும். வாங்கினால் சாலையில் கொண்டு வந்துதான் ஆகணும். வேலை நடக்கும் இடம் மாறும்போதெல்லாம் கேமராவும் ஊர் ஊராகப் பயணம் செய்யும்.

இரண்டாவது, அளவு பார்க்கும் கருவிகள். சிமெண்ட், நிலக்கரி, இரும்பு ஆலைகளில் பெரிய தொட்டிக்குள் எவ்வளவு சரக்கு இருக்கு என்று திறந்து பார்க்காமலே சொல்ல சீசியம்-137 போன்ற பொருள் வைத்த கருவிகள் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது நிலத்தடிப் பாறையின் தன்மையை அறியவும் இதே வகைக் கருவிகள்தான் குழிக்குள் இறங்குகின்றன.

மூன்றாவது, மருத்துவம். தைராய்டு சிகிச்சைக்கு அயோடின்-131, புற்றுநோய் சிகிச்சைக்கு கோபால்ட்-60, பெட் ஸ்கேனுக்கு ஃபுளோரின்-18. இதில் ஃபுளோரின்-18 படு அவசரக்காரன். அதன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடங்கள்தான். சென்னையிலிருந்து திருச்சிக்கு சுமார் 330 கிலோமீட்டர். வழியில் நின்று நின்று வந்து ஐந்தரை மணி நேரம் ஆனால், புறப்பட்டபோது இருந்ததில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். மருந்து தயாரிக்கும் இடத்திலிருந்து நேரம் பார்த்து காரில் கிளப்பிக் கொண்டு போவது இதனால்தான்.

ஆக, இந்தப் பொருட்கள் சாலைக்கே வரக் கூடாது என்று சொல்ல முடியாது. வராவிட்டால் ஸ்கேன் நடக்காது, பாய்லர் வெடிக்குமா வெடிக்காதா என்பதும் தெரியாது. எப்படி வரணும் என்பதுதான் கேள்வி.

பாதுகாப்பு டிரைவர் கையில் இல்லை, பெட்டியில் இருக்கு

இந்தியாவில் இதற்கான விதிகளை வகுத்து அமல்படுத்துவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். சுருக்கமாக ஏ.இ.ஆர்.பி. 1983 நவம்பர் 15-ல் தொடங்கப்பட்டது. தலைமையகம் மும்பையில். அணுசக்திச் சட்டம் 1962-ன் கீழ் இது அமைக்கப்பட்டது. கதிரியக்கப் பொருட்களைக் கொண்டு செல்வதற்கென்றே தனி பாதுகாப்பு விதித்தொகுப்பும் இருக்கு. சர்வதேச அணுசக்தி முகமை 1961-ல் முதன்முதலில் வெளியிட்டு, அவ்வப்போது திருத்தி வரும் விதிகளை ஒட்டியே உலக நாடுகள் தங்கள் விதிகளை அமைத்துள்ளன. இந்தியாவும் அப்படித்தான்.

இந்த விதிகளின் அடிப்படை யோசனை எளிமையானது. சாலையில் விபத்து நடக்கும், டிரைவர் தூங்கிவிடலாம், லாரி மோதலாம், தீப்பிடிக்கலாம். எதுவும் நடக்காது என்று நம்பித் திட்டம் போடக் கூடாது. எது நடந்தாலும் பெட்டி தாங்கணும். அதனால் முதல் பொறுப்பு வண்டி ஓட்டுபவருக்கு இல்லை, பொருளைப் பெட்டியில் வைத்து அனுப்புபவருக்கு.

உள்ளே இருப்பது எவ்வளவு வீரியமானதோ, பெட்டியும் அவ்வளவு உறுதியாக இருக்கணும்.

வீரியம் மிகக் குறைவாக இருந்தால், அதாவது பரிசோதனைக் கூடத்துக்குப் போகும் சிறு அளவுக்கு, சாதாரண உறுதியான பெட்டியே போதும்.

அடுத்தது 'டைப் ஏ'. மருத்துவமனைக்குப் போகும் மருந்துகள் பலவும் இந்த வகையில் வரும். வழக்கமான பயணத்தில் நடக்கும் சின்னச் சின்ன அடி, மழை, மேலே வேறு பெட்டியை அடுக்குவது எல்லாவற்றையும் இது தாங்கணும். ஒரு மணி நேரம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள். 1.2 மீட்டர் உயரத்திலிருந்து போடுவார்கள். பெட்டியின் எடையைப் போல ஐந்து மடங்கு பாரத்தை 24 மணி நேரம் மேலே ஏற்றி வைப்பார்கள். 6 கிலோ இரும்புக் கம்பியை 1 மீட்டர் உயரத்திலிருந்து அதன் மேல் விழவிடுவார்கள்.

அதற்கும் மேலே 'டைப் பி'. ரேடியோகிராபி கேமரா, புற்றுநோய் சிகிச்சைக்கான கோபால்ட் போன்றவை இதில்தான் போகணும். இது மோசமான விபத்தையே தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. சோதனைகளைக் கேட்டாலே புரியும். கொஞ்சமும் நெகிழாத தளத்தின் மீது 9 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து போடணும். பிறகு 1 மீட்டர் உயரத்திலிருந்து, நட்டு வைத்த இரும்புத் தண்டின் மீது விழவைக்கணும். அதே பெட்டியை 800 டிகிரி செல்சியஸ் நெருப்பில் 30 நிமிடம் வைக்கணும். 15 மீட்டர் ஆழத் தண்ணீரில் 8 மணி நேரம் மூழ்கவைக்கும் சோதனையும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் உள்ளே இருப்பது வெளியே வரக் கூடாது, கவசமும் வரம்பைத் தாண்டி வலுவிழக்கக் கூடாது.

கையில் தூக்கிச் செல்லும் ரேடியோகிராபி கேமரா பார்க்க டிபன் கேரியர் சைஸில்தான் இருக்கும். ஆனால் சுமார் 20 கிலோ கனக்கும். காரணம், உள்ளே இருக்கும் கவசம். ஈயத்தைவிட அடர்த்தியான, வீரியம் நீக்கிய யுரேனியத்தைக் கவசமாக வைப்பது வழக்கம். சில மில்லிமீட்டர் சோர்ஸை அடக்கத்தான் இத்தனை கனம்.

'டைப் ஏ' வடிவமைப்புகளை ஏ.இ.ஆர்.பி.யிடம் பதிவு செய்யணும். 'டைப் பி' என்றால் வடிவமைப்புக்கே முன்கூட்டி ஒப்புதல் வாங்கணும். உரிமம், சோர்ஸ் வாங்குவது, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்துவது எல்லாமே இப்போது 'இ-லோரா' என்ற ஆன்லைன் அமைப்பில் பதிவாகின்றன.

லேபிளைப் படிப்பது எப்படி?

பெட்டியின் மீது ஒட்டியிருக்கும் சாய்சதுர லேபிளைப் படிக்கத் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். அதில் சிவப்பு நிறத்தில் நிமிர்ந்த கோடுகள் இருக்கும். ஒன்றா, இரண்டா, மூன்றா என்று எண்ணினால் போதும்.

ஒரு கோடு, முழு வெள்ளை லேபிள்: பெட்டியின் மேற்பரப்பிலேயே மணிக்கு 5 மைக்ரோசீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சு இல்லை.

இரண்டு கோடு, மஞ்சள் லேபிள்: மேற்பரப்பில் மணிக்கு 500 மைக்ரோசீவர்ட் வரை இருக்கலாம்.

மூன்று கோடு, மஞ்சள் லேபிள்: மேற்பரப்பில் மணிக்கு 2,000 மைக்ரோசீவர்ட் வரை இருக்கலாம்.

மஞ்சள் லேபிளில் இன்னொரு எண்ணும் எழுதியிருக்கும். அதற்கு 'டிரான்ஸ்போர்ட் இண்டெக்ஸ்' என்று பெயர், சுருக்கமாக டி.ஐ. அதை 10-ஆல் பெருக்கினால், பெட்டியிலிருந்து 1 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை மைக்ரோசீவர்ட் படும் என்பது கிடைத்துவிடும். டி.ஐ. 0.5 என்றால் மணிக்கு 5 மைக்ரோசீவர்ட்.

இது அதிகமா, கம்மியா? பொதுமக்களுக்கு ஆண்டுக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு 1 மில்லிசீவர்ட், அதாவது 1,000 மைக்ரோசீவர்ட். டி.ஐ. 0.5 உள்ள பெட்டிக்கு 1 மீட்டர் பக்கத்தில் 200 மணி நேரம் நின்றால்தான் அந்த வரம்பை எட்டும். டோல்கேட்டில் அந்த வண்டிக்குப் பின்னால் அஞ்சு நிமிஷம் நிற்பதால் ஒன்றும் ஆகாது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் இயற்கையாகவே ஒருவருக்கு ஆண்டுக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

வண்டிக்கும் வரம்பு உண்டு. வண்டியின் வெளிப்பக்கத்திலிருந்து 2 மீட்டர் தூரத்தில் மணிக்கு 100 மைக்ரோசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. இரு பக்கமும் பின்புறமும் எச்சரிக்கைப் பலகை இருக்கணும். டிரைவரிடம் அனுப்புபவரின் உறுதிமொழிப் படிவம், வாகனத்துக்கான அறிவுறுத்தல்கள், 'டிரெம் கார்டு' எனப்படும் அவசரகால அட்டை மூன்றும் இருக்கணும். உள்ளே என்ன பொருள், எவ்வளவு வீரியம், விபத்து நடந்தால் யாருக்குச் சொல்லணும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நான்கு இலக்க 'யூ.என்.' எண்ணும் உண்டு. 2915 என்றால் டைப் ஏ, 2916 என்றால் டைப் பி வகைகளில் ஒன்று. போலீஸோ தீயணைப்புத் துறையோ இந்த எண்ணைப் படித்துச் சொன்னாலே, மறுமுனையில் இருக்கும் நிபுணருக்கு பாதி விஷயம் புரிந்துவிடும்.

அப்போ உண்மையான ஆபத்து எங்கே?

உலகம் முழுக்க நடந்த பெரிய கதிரியக்கச் சம்பவங்களைத் திரும்பிப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். வண்டி மோதி பெட்டி உடைந்து மக்கள் இறந்தது என்பது அல்ல கதை. பெட்டி யார் பொறுப்பில் இருக்கிறது என்பது தெரியாமல் போனதுதான் கதை. களவு போனது, தொலைந்தது, பழைய இரும்பாக விற்கப்பட்டது.

டெல்லி மாயாபுரி, 2010. டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985-க்குப் பிறகு பயன்படுத்தாமல் கிடந்த கோபால்ட்-60 கருவி ஒன்று 2010 பிப்ரவரியில் ஏலத்தில் விற்கப்பட்டது. அது மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் போனது. என்னவென்றே தெரியாமல் தொழிலாளர்கள் அதைப் பிரித்தார்கள். ஏப்ரலில் விஷயம் வெளியே வந்தபோது பலர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். ஒருவர் உயிரிழந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து சந்தைக்குப் போன அந்தப் பயணத்தில் சாலை விபத்து எதுவும் நடக்கவில்லை. லேபிளும் இல்லை, காகிதமும் இல்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. அதுதான் விபத்து.

பிரேசில் கோயானியா, 1987. கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து சீசியம்-137 கருவியை எடுத்துப் போய் உடைத்தார்கள். உள்ளே இருந்த தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருக்கிறதே என்று அக்கம்பக்கத்தாருக்கும் பகிர்ந்தார்கள். நான்கு பேர் இறந்தனர். ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது.

மெக்சிகோ, 2013 டிசம்பர். மருத்துவமனை ஒன்றில் பயன்படுத்தி முடித்த கோபால்ட்-60 கருவியை லாரியில் ஏற்றி கழிவுக் கிடங்குக்குக் கொண்டு போனார்கள். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டி நின்றிருந்தபோது, டிசம்பர் 2-ம் தேதி லாரியே களவு போனது. இரண்டு நாள் கழித்து, கவசத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்ட நிலையில் கோபால்ட் ஒரு வயல்வெளியில் கிடைத்தது.

மேற்கு ஆஸ்திரேலியா, 2023 ஜனவரி. சுரங்கத்திலிருந்து பெர்த் நகருக்குச் சுமார் 1,400 கிலோமீட்டர் பயணம். உள்ளே இருந்த கருவியின் திருகாணி வண்டியின் அதிர்வில் கழன்று, 8 மில்லிமீட்டர் நீளமே உள்ள சீசியம் குப்பி வழியில் எங்கோ விழுந்துவிட்டது. பயணம் தொடங்கியது ஜனவரி 12. குப்பி இல்லை என்பது தெரிந்தது ஜனவரி 25. கதிர்வீச்சை உணரும் கருவி பொருத்திய வாகனங்களை சாலையில் ஓட்டித் தேடி, பிப்ரவரி 1-ம் தேதி சாலையோரத்தில் கண்டுபிடித்தார்கள்.

நான்கிலும் பொதுவானது என்ன? எவரும் எதிர்பாராத இயற்கைச் சீற்றம் எதுவும் இல்லை. ஒரு கையெழுத்து, ஒரு திருகாணி, ஒரு காவலாள், ஒரு கணக்கெடுப்பு. இதில் ஏதோ ஒன்று தவறியது. அதனால்தான் வண்டியைக் கவனிப்பாரின்றி நிறுத்தக் கூடாது, வந்து சேர்ந்ததும் மீட்டர் வைத்து சோர்ஸ் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கணும், பயன்படாத சோர்ஸை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பணும் என்றெல்லாம் விதிகள் சொல்கின்றன. விதி புத்தகத்தில் இருந்தால் போதாது. கேமராவைப் பொறுப்பேற்றிருக்கும் கதிர்வீச்சு பாதுகாப்பு அதிகாரி ஒவ்வொரு முறையும் அதைச் செய்தால்தான் உண்டு.

கவசம் இல்லாத சோர்ஸ் எவ்வளவு ஆபத்து?

ஒரு கணக்கு பார்த்தால் தெளிவாகும். 20 கியூரி அளவு இரிடியம்-192 சோர்ஸ், கவசம் இல்லாமல் தரையில் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். 1 மீட்டர் தூரத்தில் மணிக்கு ஏறக்குறைய 100 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு இருக்கும். பொதுமக்களுக்கான ஓராண்டு வரம்பை எட்ட 36 வினாடி போதும்.

ஆனால் தூரம் இங்கே பெரிய நண்பன். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு நான்கில் ஒன்றாகும். 10 மடங்கானால் நூறில் ஒன்று. அதே சோர்ஸிலிருந்து 10 மீட்டர் தள்ளிப் போனால் மணிக்கு 1 மில்லிசீவர்ட். 30 மீட்டர் தள்ளிப் போனால் அதில் ஒன்பதில் ஒரு பங்கு.

இதையே மறுபக்கம் திருப்பிப் பார்த்தால்தான் பயம். 1 மீட்டரிலிருந்து 1 சென்டிமீட்டருக்கு வந்தால் 10,000 மடங்கு கூடும். பேனா மூடி சைஸில் பளபளவென்று கிடக்கிறதே என்று எடுத்து சட்டைப் பையில் போட்டால், சில நிமிடங்களில் அந்த இடத்துத் தோலும் சதையும் மீள முடியாத அளவுக்குப் பாதிக்கப்படலாம். அப்போது சூடும் தெரியாது, வலியும் தெரியாது, வாசனையும் வராது. புண் வெளியே தெரியவே நாட்கள் ஆகும். தொட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்து சிகிச்சை தாமதமாவது இதனால்தான்.

'தொட்டா ஒட்டிக்குமா?'

இது பலரும் கேட்கும் கேள்வி. இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கணும்.

ஒன்று, கதிர்வீச்சு படுவது. மூடிய குப்பிக்குள் இருக்கும் சோர்ஸின் பக்கத்தில் நின்றவர் மீது கதிர்வீச்சு படும். அதனால் அவர் உடம்பு கதிரியக்கமாக மாறிவிடாது. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் அடுத்தவருக்கு எக்ஸ்ரே பரப்புவதில்லையே, அதுபோலத்தான். அவரைத் தொடலாம், தூக்கலாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம்.

இரண்டு, பொருளே மேலே ஒட்டிக்கொள்வது. குப்பி உடைந்து தூளாகவோ திரவமாகவோ கொட்டினால் அது துணியிலும் கையிலும் ஒட்டும். கோயானியாவில் நடந்தது இதுதான். இப்படி இருந்தாலும் மேல் துணியைக் கழற்றி, சோப்பு போட்டுக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். வாய் வழியாக உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

வண்டி விபத்தில் சிக்கினால் என்ன செய்யணும்?

நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால் முதலில் ஓடி வருவது நிபுணர்கள் இல்லை. பக்கத்து வயலில் வேலை செய்பவர், டீக்கடைக்காரர், பின்னால் வந்த பைக்காரர், பிறகு 108 ஆம்புலன்ஸ். அவர்களுக்கு சர்வதேச அணுசக்தி முகமையின் வழிகாட்டுதல்கள் சொல்வது இதுதான்.

முதலில் உயிர்: டிரைவர் அடிபட்டுக் கிடந்தால் கதிரியக்கப் பலகையைப் பார்த்துப் பயந்து விட்டுவிட்டு ஓடக் கூடாது. உயிர் காக்கும் முதலுதவியை நிறுத்தக் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது. ஆளைச் சீக்கிரம் தூக்கிக்கொண்டு தூரம் வந்துவிடணும். வண்டிக்குப் பக்கத்தில் வெட்டியாக நிற்கக் கூடாது.

அடுத்தது தூரம்: பெட்டி சேதமானதாகத் தெரிந்தால் சுற்றி 30 மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது. பொருள் நிறையச் சிந்தியிருந்தால் 100 மீட்டர். தீயோ புகையோ இருந்தால் 300 மீட்டர். காற்று நம் பக்கமிருந்து வண்டி பக்கம் வீசும்படி நிற்கணும்.

தொடாதே: கீழே கிடக்கும் உலோகத் துண்டு, கம்பி, குப்பி எதையும் எடுக்கக் கூடாது. காலால் தள்ளக் கூடாது. வண்டியிலிருந்து விழுந்த பெட்டியை ஓரமாக நகர்த்தி வைக்கிறேன் என்று தூக்கவும் கூடாது.

தகவல்: 112-க்கு அழைத்து, மஞ்சள் பலகையும் மூன்று இதழ் சின்னமும் இருக்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லணும். எட்ட நின்று படிக்க முடிந்தால் 'யூ.என்.' எண்ணையும் சொல்லலாம். போனில் ஜூம் செய்து படம் எடுப்பது உதவும். படம் எடுப்பதற்காகக் கிட்டே போவது உதவாது.

சாப்பாடு, பீடி, சிகரெட் வேண்டாம்: அந்த இடத்தில் இருந்தவர்கள் கை கழுவும் வரை எதையும் வாயில் வைக்கக் கூடாது. அதிகாரிகள் வரும் வரை கலைந்துவிடாமல் தள்ளி இருந்து, பெயரைப் பதிவு செய்துகொள்வது அவர்களுக்கே நல்லது.

பிறகு வருபவர்கள் யார்? மாவட்ட நிர்வாகம், போலீஸ், தீயணைப்புத் துறை. தேவைப்பட்டால் கதிரியக்கச் சம்பவங்களைக் கையாளப் பயிற்சி பெற்ற தேசிய பேரிடர் மீட்புப் படை. அதன் 4-வது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கு. அணுசக்தித் துறைக்கும் இதற்கென்று நெருக்கடி மேலாண்மைக் குழுவும், நாட்டின் பல பகுதிகளில் அவசரகால மையங்களும் உண்டு.

காயலான் கடைக்காரர்கள் கவனத்துக்கு

நெடுஞ்சாலையும் தொழிற்பேட்டையும் இருக்கும் இடத்தில் பழைய இரும்புக் கடைகளும் இருக்கும். மாயாபுரியைப் பார்த்த பிறகு, இந்த விஷயத்தில் கடைசிக் காவல் அரண் அவர்கள்தான் என்று தோன்றும். ஆலை மூடும்போது, இயந்திரம் மாற்றும்போது, பழைய கருவிகளோடு கதிரியக்கக் கருவியும் கலந்து வந்துவிடலாம்.

சின்னப் பெட்டி, ஆனால் பார்ப்பதற்குச் சம்பந்தமே இல்லாத கனம். ஈயக் கவசம். மங்கிப்போன மூன்று இதழ் சின்னம். இந்த மூன்றில் எது இருந்தாலும் கேஸ் கட்டரை ஓரமாக வைத்துவிடணும். 2007-ல் சர்வதேச அணுசக்தி முகமை இன்னொரு சின்னத்தையும் அறிமுகப்படுத்தியது. சிவப்பு முக்கோணத்தில் கதிர் அலைகள், மண்டை ஓடு, ஓடும் மனிதன். மூன்று இதழ் சின்னம் பலருக்கும் புரியவில்லை என்பதால் வந்த மாற்றம் இது. வீரியம் மிகுந்த கருவிகளின் உள்பக்கத்தில், சோர்ஸுக்குக் கிட்டத்தில் இது ஒட்டப்படும். 'இதற்கு மேல் பிரிக்காதே, ஓடு' என்று அர்த்தம்.

பிரிக்காமல் உருக்கி விற்றாலும் பிரச்சினை தீராது. 2008-ல் பிரான்ஸில் லிஃப்ட் பட்டன்களில் கோபால்ட்-60 இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த உலோகம் போனது இந்தியாவிலிருந்து.

சந்தேகம் வந்தால் பொருளை அங்கேயே விட்டு, ஆட்களை விலக்கிவிட்டு, போலீஸுக்குச் சொல்வதே போதும். சொன்னவருக்குப் பொருள் நஷ்டம் சில ஆயிரம் ரூபாய் இருக்கலாம். சொல்லாவிட்டால் நஷ்டம் கைவிரலில் தொடங்கும்.

சுருக்கமாக

மஞ்சள் பலகை போட்டு, லேபிள் ஒட்டி, காகிதத்தோடு போகும் வண்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அதில் என்ன இருக்கு என்பது யாரோ ஒருவருக்குத் தெரியும், அது எங்கே போகிறது என்பதும் தெரியும். பக்கத்து லேனில் போகும் டேங்கர் லாரிக்குக் கொடுக்கும் இடைவெளியை அதற்கும் கொடுத்தால் போதும்.

பயப்பட வேண்டியது பலகையும் லேபிளும் இல்லாமல் சாலையோரத்திலோ இரும்புக் குவியலிலோ கிடக்கும், பேர் தெரியாத கனமான சாமானைப் பார்த்துத்தான். அதைப் பார்த்தால் செய்ய வேண்டியது மூன்றே மூன்று: தொடாதீங்க, தள்ளிப் போங்க, 112-க்குச் சொல்லுங்க.